சைக்கிள் பயணத்தில் கொசுவைச் சமாளிப்பது: முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீண்ட தூர சைக்கிள் பயணத்துக்குத் தயாராகிறவர்கள் லாரியைப் பற்றிக் கேட்பார்கள், துரத்துகிற நாயைப் பற்றிக் கேட்பார்கள், திருட்டைப் பற்றிக் கேட்பார்கள். கொசு என்று வரும்போது மட்டும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு அது ஒரு பொருட்டே கிடையாது. இன்னொரு கட்சியோ மலேரியா, டெங்கு, மஞ்சள் காய்ச்சல் என்று ராத்திரி முழுக்கப் படித்துவிட்டு, இந்தப் பயணமே வேண்டாம் என்கிற இடத்துக்கு வந்து நிற்கிறது. இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஓடுகிற சைக்கிளில் இருப்பவரைக் கொசு கடிப்பதில்லை, நின்றவுடன்தான் கடிக்கிறது.

கொசு பறக்கிற வேகம் மணிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். மூச்சு வாங்க மேட்டில் ஏறும்போதுகூட நீங்கள் அதைவிட வேகமாகத்தான் போகிறீர்கள். ஆனால் நிற்கிற நொடியில் நிலைமை தலைகீழாகிவிடும். கொசு நம்மைத் தேடி வருவது நாம் வெளியே விடுகிற கரியமில வாயுவையும், வியர்வையில் இருக்கிற லாக்டிக் அமிலத்தையும், உடம்புச் சூட்டையும் வைத்துத்தான். இரண்டு மணி நேரம் மிதித்துவிட்டு இறங்குகிறவரிடம் இந்த மூன்றும் உச்சத்தில் இருக்கும். அதனால் உங்கள் முன்னெச்சரிக்கை எல்லாம் நிற்கிற நேரங்களைச் சுற்றியே இருக்க வேண்டும்: பஞ்சர் ஒட்டுகிற அரை மணி நேரம், சாயங்காலம் கூடாரம் போடுகிற நேரம், விடிகாலையில் மூட்டை கட்டுகிற நேரம், பாதையோரம் ஒதுங்குகிற இரண்டு நிமிடம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில், உங்கள் பாதையில் என்ன நோய் இருக்கிறது என்று பாருங்கள்

கொசு நிறைய இருக்கிற இடமெல்லாம் நோய் இருக்கிற இடம் ஆகாது. பின்லாந்தின் வடக்கிலும் அலாஸ்காவிலும் கோடைக்காலத்தில் கொசு மேகம் மாதிரி வரும், சாப்பிடக்கூட விடாது, ஆனால் அங்கே மலேரியாவும் கிடையாது டெங்குவும் கிடையாது. மாறாக, ஒரு ராத்திரியில் நாலைந்து கொசு மட்டுமே கண்ணில் படுகிற ஓர் ஆப்பிரிக்கக் கிராமத்தில் அந்த நாலைந்தில் ஒன்று போதும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் மலேரியாவால் இறந்தவர்கள் ஏறத்தாழ 5,97,000 பேர், அதில் 95 சதவீதம் ஆப்பிரிக்கப் பகுதியில். அதே நேரத்தில் இலங்கை 2016-லும் சீனா 2021-லும் மலேரியா இல்லாத நாடுகளாகச் சான்று பெற்றுவிட்டன. ஆக, வெப்ப நாடு என்ற ஒரே காரணத்துக்காகப் பயப்படவும் வேண்டாம், குளிர் நாடு என்று அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். இத்தாலியில் 2007-லேயே சிக்குன்குனியா உள்ளூரில் பரவியிருக்கிறது.

மூன்று வகைக் கொசுவைப் பற்றித் தெரிந்தால் போதும். ஏடிஸ் பகலில் கடிப்பது, கால்களில் வெள்ளை வரி இருக்கும். காலையில் வெயில் ஏறுவதற்குள்ளும் சாயங்காலம் இருட்டுவதற்கு முன்னும் அதற்கு வேகம் அதிகம். டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா, மஞ்சள் காய்ச்சல் எல்லாம் இதன் வேலை. அனோபிலிஸ் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிக்கும், மலேரியா இதனால். கியூலெக்ஸும் சாயங்காலமும் இரவும்தான். ஜப்பானிய மூளைக்காய்ச்சல், வெஸ்ட் நைல் காய்ச்சல், பல நாடுகளில் யானைக்கால் நோய் ஆகியவை இதன் வழியாக வரும். கடிப்பது பெண் கொசு மட்டும், முட்டைக்குப் புரதம் வேண்டும் என்பதால்.

பாதையை வரைபடத்தில் போட்டுவிட்டு, ஒவ்வொரு நாட்டுக்கும் (நாட்டுக்குள் பகுதி பகுதியாகவும்) என்ன நோய், எந்த மாதத்தில் என்று உங்கள் அரசின் பயண சுகாதாரப் பக்கத்திலோ உலக சுகாதார நிறுவனத்தின் பக்கத்திலோ பாருங்கள். உயரத்தையும் பாருங்கள். சுமார் 2,500 மீட்டருக்கு மேல் மலேரியா பரவுவது மிக அரிது. ஆனால் சைக்கிள்காரருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. காலையில் குளிரில் நடுங்கிக்கொண்டு கணவாயிலிருந்து கிளம்பி, ஒரே இறக்கத்தில் சாயங்காலத்துக்குள் பள்ளத்தாக்குக்கு வந்துவிடுவீர்கள். கொசு மருந்து பையின் அடியில் இருக்கும், உடம்பு களைத்திருக்கும், பொழுது சாய்ந்துகொண்டிருக்கும். பெரிய இறக்கம் இருக்கிற நாளில் காலையிலேயே மருந்தை எடுத்து முன் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்ப ஆறு முதல் எட்டு வாரம் இருக்கும்போது டாக்டரைப் பாருங்கள்

பயண மருத்துவம் தெரிந்த டாக்டராக இருந்தால் நல்லது. போகும்போது "இந்த நாட்டுக்குப் போகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். சைக்கிளில் போகிறேன், கிராமங்களில் தங்குவேன், கூடாரத்தில் தூங்குவேன், இத்தனை மாதம் என்று விவரமாகச் சொல்லுங்கள். நகரத்து ஹோட்டலில் ஒரு வாரம் தங்குகிறவருக்குச் சொல்கிற ஆலோசனை உங்களுக்குப் பொருந்தாது.

மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு, ஒரே ஊசி. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகளின் எல்லையில் இந்த ஊசிக்கான சான்றிதழை, அதாவது மஞ்சள் அட்டையை, காட்டச் சொல்வார்கள். போட்ட பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், 2016 ஜூலையிலிருந்து அது வாழ்நாள் முழுக்கச் செல்லுபடி ஆகிறது. விமானத்தில் போகிறவருக்கு ஓர் எல்லைதான், உங்களுக்கு நாலைந்து எல்லை வரலாம், எந்த நாட்டிலிருந்து உள்ளே வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து விதி மாறும். பயண வரிசைப்படி ஒவ்வொரு எல்லையையும் சரிபாருங்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த ஊசிக்கு முன் டாக்டரிடம் கட்டாயம் பேச வேண்டும்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆசியாவின் கிராமப்புறத்து நோய். நெல்வயல், நீர்ப்பறவை, பன்றி வளர்ப்பு மூன்றும் சேர்ந்த இடத்தில் அதன் சுழற்சி நடக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே வராது, நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வரும். ஆனால் மூளைக்காய்ச்சலாக மாறினால் நூற்றில் இருபது முப்பது பேர் இறந்துவிடுகிறார்கள், பிழைத்தவர்களிலும் பலருக்கு நரம்புக் கோளாறு நிலைத்துவிடுகிறது. வயல் நடுவே மாதக்கணக்கில் மிதிக்கப்போகிறவர் இந்தத் தடுப்பூசியைப் போட்டுக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. வழக்கமான முறையில் இரண்டு ஊசிக்கு நடுவே 28 நாள் இடைவெளி வேண்டும், அதனால்தான் முன்கூட்டியே போகச் சொல்கிறேன்.

கர்ப்பமாக இருக்கிறவர்களும், குழந்தை பெற்றுக்கொள்ளத் திட்டமிடுகிற தம்பதியும், வயிற்றில் இருக்கிற குழந்தையைப் பாதிக்கக்கூடிய ஜிகா பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். அது உடலுறவு மூலமும் பரவும் என்பதால் ஜோடியில் ஒருவர் மட்டும் பயணம் போனாலும் விஷயம் இருவருக்கும் சேர்ந்ததுதான்.

மலேரியா மாத்திரையைத் தேர்ந்தெடுக்கும்போது சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள்

மலேரியா உள்ள பகுதி என்றால் டாக்டர் தடுப்பு மாத்திரை எழுதிக்கொடுப்பார். எதை எழுதுவது என்பது அவர் முடிவுதான், ஆனால் நீங்கள் சில விஷயங்களைச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

டாக்ஸிசைக்ளின் தினமும் சாப்பிடுகிற மாத்திரை, நீண்ட பயணத்துக்குக் கட்டுப்படியாகும். ஆனால் சிலருக்கு அது தோலை வெயிலுக்கு மிகவும் கூசவைத்துவிடும். நாள் முழுக்க வெயிலில் கையையும் கழுத்தையும் காட்டிக்கொண்டு போகிறவருக்கு இது சின்ன விஷயம் கிடையாது. முழங்கையிலும் கைமேலும் தீக்காயம் மாதிரி சிவந்துவிடும். இதைச் சாப்பிடுகிறீர்கள் என்றால் முழுக்கைச் சட்டை, மெல்லிய கையுறை, சன்ஸ்கிரீன் எல்லாம் கட்டாயம். இன்னொன்று, மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியவுடன் படுக்கக்கூடாது, உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். கூடாரத்துக்குள் நுழைந்தபின் ஞாபகம் வந்து ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுவிட்டுப் படுக்கிற பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். காலை உணவோடு சாப்பிடுவது எளிது.

மெஃப்ளோகுவின் வாரம் ஒன்றுதான், வசதி. ஆனால் தலைசுற்றல், உடம்பின் சமநிலை தவறுவது, கெட்ட கனவு, மனப்பதற்றம் போன்ற பக்கவிளைவுகள் சிலருக்கு வரும். இரண்டு சக்கரத்தில், லாரிகளுக்கு நடுவே போகிறவருக்குத் தலைசுற்றல் என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். மனநலப் பிரச்சினை முன்பு இருந்திருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அடோவாகுவோன்-புரோகுவானில் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும், சாப்பாட்டோடு தினமும் ஒன்று. ஆனால் மாதக்கணக்கில் போகும்போது செலவு ஏறிவிடும்.

எதைச் சாப்பிட்டாலும், மலேரியாப் பகுதியை விட்டு வெளியே வந்த பிறகும் தொடர வேண்டும். அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள், மற்ற இரண்டும் நான்கு வாரம். ஆட்கள் கோட்டைவிடுவது இங்கேதான். எல்லை தாண்டியாகிவிட்டது, மலை ஏறியாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே நம்பகமான இடத்தில் வாங்கிவிடுங்கள். போலி மலேரியா மருந்து புழங்குகிற பகுதிகள் உலகில் இருக்கின்றன, வழியில் கிடைப்பதை நம்பக்கூடாது. மேலும் மாத்திரை நூற்றுக்கு நூறு காப்பு கிடையாது, டெங்குவுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. ஆக, கடி வாங்காமல் இருப்பதுதான் அடிப்படை.

தோலில் பூசுகிற மருந்து

கடையில் கொசு விரட்டி என்று நூறு பொருள் இருக்கும். பெயரைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தில் உள்ள மூலப்பொருளைப் பாருங்கள். டீட், பிக்காரிடின் (சில நாடுகளில் ஐகாரிடின் என்று போட்டிருக்கும்), ஐஆர்3535, எலுமிச்சை யூகலிப்டஸிலிருந்து எடுக்கிற பிஎம்டி. இந்த நான்கில் ஒன்று இருக்க வேண்டும்.

டீட் 1940-களில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கப்பட்டது, இன்று வரை நன்றாக வேலை செய்கிறது. 20 முதல் 30 சதவீதம் போதும். சதவீதம் ஏறினால் அதிக நேரம் நிற்கும் என்பதுதான் பொருள், 50-க்கு மேல் போனால் அந்த நேரமும் பெரிதாகக் கூடாது. 90 சதவீத பாட்டிலை வாங்கிப் பூசிக்கொள்வதில் அர்த்தமில்லை. டீட்டில் சைக்கிள்காரருக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது, அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கூலிங்கிளாஸ், கைக்கடிகாரத்தின் முகப்பு, போன் உறை, ஸ்பான்டெக்ஸ் கலந்த சைக்கிள் ஜெர்சி, எல்லாவற்றுக்கும் ஆபத்து. பருத்தி, கம்பளி, நைலான் துணிகளுக்கு ஒன்றும் ஆகாது. டீட் பூசினால் உள்ளங்கையைக் கழுவிவிட்டு ஹேண்டில்பாரைப் பிடியுங்கள், ஹெல்மெட்டின் மேல் தெளிக்காதீர்கள், ஹெல்மெட் உயிர் காக்கிற பிளாஸ்டிக்.

இதனால்தான் சைக்கிள் பயணத்துக்கு நான் பிக்காரிடின் 20 சதவீதத்தைச் சொல்வேன். ஏறக்குறைய அதே அளவு காப்பு, வாசனை குறைவு, பிசுபிசுப்பு குறைவு, பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது. போகிற நாட்டில் பிக்காரிடின் கிடைக்காமல் டீட் மட்டும் கிடைத்தால் தயங்காமல் அதையே வாங்குங்கள். ஜெர்சி போனால் போகட்டும்.

பூசுகிற வரிசை: முதலில் சன்ஸ்கிரீன், அது தோலில் ஊறக் கால் மணி நேரம் விட்டு, அதற்கு மேல் கொசு மருந்து. இரண்டும் ஒன்றாகக் கலந்து விற்கிற கிரீமை வாங்க வேண்டாம், சன்ஸ்கிரீனை அடிக்கடி பூச வேண்டும், கொசு மருந்தை அவ்வளவு அடிக்கடி பூசத் தேவையில்லை, ஒன்றுக்காக இன்னொன்றையும் அள்ளிப் பூச வேண்டியிருக்கும். டீட்டோடு சேரும்போது சன்ஸ்கிரீனின் காப்பு கொஞ்சம் குறையவும் செய்யும், ஆகவே நிழலையும் துணியையும் அதிகம் நம்புங்கள்.

பாட்டிலில் போட்டிருக்கிற "எட்டு மணி நேரம்" என்பது வியர்க்காமல் உட்கார்ந்திருப்பவருக்கு. மிதிக்கிறவருக்கு வியர்வையோடு வழிந்துவிடும். அதனால் காலையில் ஒருமுறை பூசிவிட்டு நாள் முழுக்க நம்பியிருப்பதைவிட, நிற்கப்போகிற நேரத்தில் பூசுவதுதான் புத்திசாலித்தனம். சின்ன பாட்டிலை ஹேண்டில்பார் பையில் வையுங்கள், பின்னால் தொங்குகிற பேனியர் பையில் வைத்தால் தேவைப்படுகிற நேரத்தில் எடுக்கவே மாட்டீர்கள். பூசும்போது விட்டுப்போகிற இடங்கள்: கணுக்கால், காதுக்குப் பின்னால், கழுத்தின் பின்பக்கம், முழங்காலின் பின்மடிப்பு. முகத்தில் நேராகத் தெளிக்காமல் கையில் எடுத்துத் தடவுங்கள். வெட்டுக் காயம், சிராய்ப்பு, சீட் உரசிப் புண்ணான இடம் எதிலும் படக்கூடாது. ராத்திரி கொசுவலைக்குள் போவதற்கு முன் கழுவிவிடலாம். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கவனிக்க: இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இவை எதுவும் வேண்டாம், மூன்று வயதுக்குள் பிஎம்டி வேண்டாம்.

துணி

இறுக்கமான லைக்ரா வழியாகக் கொசு தாராளமாகக் கடிக்கும். தோலோடு ஒட்டின மெல்லிய துணி அதற்கு ஒரு தடையே இல்லை. மிதிக்கும்போது எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் இறங்கினவுடன் மேலே மாட்டிக்கொள்ள தொளதொளப்பான முழுக்கைச் சட்டையும் முழுக்கால்சட்டையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கால்சட்டையின் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள், அழகாக இருக்காது, ஆனால் கணுக்கால்தான் அதிகம் கடிபடுகிற இடம். நிறமும் முக்கியம். 2022-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஏடிஸ் கொசுக்கள் கரியமில வாயுவை முகர்ந்தபின் சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு, வெளிர்நீலப் பச்சை ஆகியவற்றை நோக்கிப் போயின, வெள்ளை, பச்சை, நீலம் போன்றவற்றைப் பொருட்படுத்தவில்லை. சாலையில் பளிச்சென்று தெரிகிற நிறம் வேண்டும் என்பது சரிதான், முகாமில் போடுகிற சட்டை மட்டும் வெளிர் நிறமாக இருக்கட்டும்.

அந்த முகாம் உடைகளுக்கு 0.5 சதவீத பெர்மெத்ரின் என்கிற பூச்சிமருந்தைத் தெளித்துக் காயவைத்தால் சுமார் ஆறு சலவை வரை கொசு அண்டாது. துணிக்கும் கூடாரத்துக்கும் மட்டும்தான், தோலில் பூசக்கூடாது. திறந்த வெளியில் தெளியுங்கள். ஈரமாக இருக்கும்போது பூனைக்கு விஷம், தண்ணீரில் கலந்தால் மீனுக்கு விஷம். அந்தத் துணியை ஓடையிலோ குளத்திலோ அலசாதீர்கள், இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

நாளை எப்படி ஓட்டுவது

மலேரியாப் பகுதியில் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஓட்டத்தை முடித்துவிடுங்கள். பூமத்திய ரேகைப் பக்கம் ஆறு மணி வாக்கில் இருட்டிவிடும், பொழுது மெல்ல மங்குகிற கதையெல்லாம் அங்கே கிடையாது, சட்டென்று இருட்டும். ஐந்து மணிக்கே கூடாரம் நின்றிருக்க வேண்டும், குளித்து உடை மாற்றி மருந்து பூசியிருக்க வேண்டும். இருட்டின பிறகு சமைப்பது, சங்கிலிக்கு எண்ணெய் போடுவது, பிரேக் சரிபார்ப்பது எல்லாம் வெளியே உட்கார்ந்து செய்தால் கடி வாங்குவது நிச்சயம்.

பஞ்சர் ஆனால் முதலில் செய்ய வேண்டியது மருந்து பூசுவது, அப்புறம் டயரைக் கழற்றுவது. இதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கை கிரீஸ் ஆன பிறகு பூச மனம் வராது. முடிந்தால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காற்றோட்டமான வெயில் இடத்துக்குப் போங்கள், மர நிழலில் புதர் ஓரத்தில் உட்காராதீர்கள். சாலையோர டயர் கடையில் உதவி கேட்கப் போகிறீர்கள் என்றால் அங்கே குவிந்துகிடக்கிற பழைய டயர்களைப் பாருங்கள். மழைத்தண்ணீர் தேங்கின டயர் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்தமான பிறப்பிடம். ஆசியப் புலிக்கொசு என்கிற ஏடிஸ் அல்போபிக்டஸ் கண்டம் விட்டுக் கண்டம் பரவினதில் பழைய டயர் வியாபாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1985-ல் அமெரிக்காவின் டெக்சஸில் அது நிலைகொண்டதும் அப்படித்தான். பட்டப்பகல்தானே என்று அந்தக் கடையில் அரைக்கால்சட்டையோடு உட்கார்ந்திருக்காதீர்கள்.

ராத்திரி

கூடாரம் போட மேடான, காற்று வீசுகிற இடமாகப் பாருங்கள். கொசுவால் வேகமான காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. குளம், வயல், சதுப்பு ஓரம் காட்சிக்கு நன்றாக இருக்கும், தூங்குவதற்கு வேண்டாம். கூடாரத்தின் உள்வலை ஜிப்பை ஒவ்வொரு முறையும் உடனே மூடுங்கள், உள்ளே டார்ச் அடித்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் படுங்கள். வலையில் ஓட்டை விழுந்திருந்தால் டியூபுக்கு ஒட்டுகிற பட்டையோ ஒட்டுநாடாவோ போட்டு அன்றைக்கே அடையுங்கள். தூக்கத்தில் முழங்கை வலையோடு ஒட்டினால் வெளியிலிருந்தே கடிக்கும், நடுவில் படுங்கள்.

அறையில் தங்குகிற நாளுக்கு மருந்து தோய்த்த மெல்லிய கொசுவலை ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளலாம், எடை அதிகமில்லை. கட்டிலில் ஏற்கெனவே வலை கட்டியிருந்தால் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, நுனியை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். மின்விசிறி இருந்தால் நேராக உடம்பின் மேல் படும்படி வையுங்கள்.

கொசுவத்திச் சுருளைத் திறந்த வெளியில், கூடாரத்துக்கு வெளியே மட்டும். உள்ளே கொளுத்தவே கூடாது. தீப்பிடிக்கும், புகையும் அடைபடும். ஒலியெழுப்பிக் கொசுவை விரட்டும் கருவி, கையில் கட்டுகிற வாசனைப் பட்டை, பூண்டு, வைட்டமின் பி மாத்திரை இவற்றில் காசைப் போடாதீர்கள். இவை காக்காது என்பது பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம்.

காய்ச்சல் வந்தால்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள்காரருக்குத் தலைவலி, உடம்புவலி, குளிர், களைப்பு, வாந்தி எல்லாம் பழகின விஷயம். வெயில் அடித்திருக்கும், தண்ணீர் குறைந்திருக்கும், நேற்று ஏறின மலைதான் காரணம் என்று நாமே ஒரு சமாதானம் சொல்லிவிட்டு மறுநாளும் மிதிப்போம். மலேரியாவின் முதல் நாளும் டெங்குவின் முதல் நாளும் அப்படியேதான் இருக்கும். அதனால் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி முதலுதவிப் பையில் போடுங்கள், சின்னது, எடையே இல்லை. நிழலில் ஓய்வெடுத்துத் தண்ணீர் குடித்து ஓரிரு மணி நேரம் ஆன பிறகும் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காட்டினால் அது களைப்பு இல்லை. அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஃபால்சிபாரம் வகை மலேரியா, அறிகுறி தொடங்கி ஒரு நாளுக்குள்ளேயே உயிருக்கு ஆபத்தாக மாறக்கூடியது. அதே நேரத்தில், சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகிவிடக்கூடியது.

சைக்கிளில் போகாதீர்கள். எவ்வளவு பக்கம் என்றாலும் சரி, வண்டியை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுக் கிடைக்கிற வாகனத்தில் ஏறுங்கள். கூட வருகிறவரிடம் எந்தெந்த ஊரில் தூங்கினீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லிவையுங்கள், காய்ச்சல் ஏறினால் உங்களால் தெளிவாகச் சொல்ல முடியாமல் போகலாம். விரல் நுனியில் குத்தி எடுக்கிற விரைவுப் பரிசோதனையில் இருபது நிமிடத்துக்குள் முடிவு தெரியும். ஒருமுறை இல்லை என்று வந்துவிட்டால் நிம்மதியாகக் கிளம்பிவிடாதீர்கள். காய்ச்சல் தொடர்ந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை பார்க்க வேண்டும். கடித்து ஏழு நாளுக்கு முன் மலேரியாக் காய்ச்சல் வருவதில்லை, ஆகவே மலேரியாப் பகுதிக்குள் நுழைந்து மூன்றாம் நாள் வந்த காய்ச்சலுக்கு வேறு காரணம் இருக்கும், அதையும் டாக்டர்தான் பார்க்க வேண்டும். மருத்துவமனையே எட்டாத பாதையில் பல நாள் போகிறவர்கள், அவசரத்துக்குக் கையில் வைத்திருக்கிற சிகிச்சை மாத்திரை பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அளவு மீறாமல். சைக்கிள்காரர்களின் பையில் முழங்கால் வலிக்கு இபுபுரூஃபன் எப்போதும் இருக்கும், காய்ச்சல் வந்த நாளில் அதைத் தொடாதீர்கள், ஆஸ்பிரினையும்தான். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு அபாயத்தை இவை கூட்டும்.

டெங்குவில் ஏமாற்றுகிற கட்டம் ஒன்று இருக்கிறது. மூன்று முதல் ஏழு நாளில் காய்ச்சல் இறங்கும், அப்பாடா என்று தோன்றும், அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்தான நேரம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், வேகமான மூச்சு, நிலைகொள்ளாத தவிப்பு, இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று அந்த நாளில் சைக்கிளில் ஏறினவர் நடு வழியில் விழுந்தால் காப்பாற்ற ஆள் இருக்காது. டெங்கு வைரஸில் நான்கு வகை இருக்கிறது, முன்பு ஒரு வகை வந்தவருக்கு வேறு வகை இரண்டாம் முறை வந்தால் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம். முன்பு டெங்கு வந்திருக்கிறதா என்பதை டாக்டரிடம் சொல்ல மறக்க வேண்டாம். குணமான பிறகும் சோர்வு வாரக்கணக்கில் இருக்கும், சிக்குன்குனியா என்றால் மூட்டுவலி மாதக்கணக்கிலும் நீளலாம். பயணத்தைச் சுருக்குவது, பேருந்தில் ஏறுவது, வீடு திரும்புவது, எதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. பயணக் காப்பீட்டில் சைக்கிள் பயணமும் அவசர மருத்துவ இடமாற்றமும் அடங்குமா என்று கிளம்பும் முன்பே படித்துப்பாருங்கள்.

வெறும் கடி வீங்கி அரித்தால் சோப்பு போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வைத்து, சொறியாமல் விடுங்கள். வியர்வையும் அழுக்கும் சேர்ந்து புண் சீழ் பிடிக்கும். அரிப்புக்குச் சாப்பிடுகிற மாத்திரை சிலது தூக்கம் வரவைக்கும், அதைச் சாப்பிட்டுவிட்டு ஓட்டக்கூடாது. கொசுக்கடியால் எச்ஐவி வராது, அந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

திரும்பி வந்த பிறகு

மிச்சம் இருக்கிற மாத்திரையை நாள் கணக்குப்படி முடியுங்கள். ஊர் திரும்பி மூன்று வாரம் வரை உங்களைக் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் ரத்தத்தில் ஜிகாவோ டெங்குவோ இருந்தால் உள்ளூர்க் கொசு அதை வீட்டில் இருப்பவர்களுக்குக் கொண்டுபோகும். வைவாக்ஸ் வகை மலேரியா கல்லீரலில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து பிறகு வெளியே வரக்கூடியது, வழக்கமான தடுப்பு மாத்திரைகள் அந்த ஒளிந்த கிருமியைக் கொல்வதில்லை. அதனால் அடுத்த ஒரு வருடத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், சாதாரண சளிக்காய்ச்சல் மாதிரி தெரிந்தாலும், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: "மலேரியா உள்ள இந்த நாட்டில், இந்த மாதத்தில் இருந்தேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்."